பழைய பைக்கில் இன்ஜின் சத்தம், சைலன்சரில் வெடி: இன்ஜினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

பெங்களூரில் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ யாரோ விற்கிறார்கள் என்று ஒரு பழைய வண்டியை வாங்கியாயிற்று. முதல் வாரமே இன்ஜினில் டக் டக் என்று ஒரு சத்தம். சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படார் என்று ஒரு வெடி. தெருமுனை கேரேஜில் நிறுத்தினால், வண்டியில் கை வைக்கும் முன்பே "இன்ஜின் வேலை இருக்கு சார், எட்டாயிரம் ஆகும்" என்று பதில் வருகிறது. அங்கேயே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

வெடிச்சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கும். பெட்ரோல், காற்று, தீப்பொறி, சைலன்சர் மூட்டு, இந்த நான்கில் ஒன்று. இன்ஜின் சத்தத்திலும் பாதிக்கு மேல் டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகத்தில் விடும் இடைவெளி), டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் உள்சங்கிலி), லூசான நட்டு என்று முடிந்துவிடும். கீழே உள்ள வரிசை செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். பிளக், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி மூன்றுக்கும் காசு கொடுப்பீர்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு நீளமான திருப்புளி, மல்டிமீட்டர், ஒரு டார்ச், 200 மில்லி கண்ணாடி பாட்டில், வண்டிக்குச் சரியான நம்பர் கொண்ட ஒரு புது பிளக். ஃபீலர் கேஜ் 150 முதல் 250 ரூபாய், சாதாரண மல்டிமீட்டர் 300 முதல் 500, பிளக் 100 முதல் 150 என்று சுமாராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். டவுன் ஹால் பக்கமிருந்து மினர்வா சர்க்கிள் வரை இருபுறமும் ஸ்பேர் கடைகள்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். வார நாளில் காலை பதினொன்றுக்குப் போங்கள், கவுன்டரில் நின்று பேச நேரம் கொடுப்பார்கள்.

பிளக்கை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், நம்பரை மேனுவலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். முன்னாள் ஓனர் தவறான பிளக் போட்டிருந்தால், அதைப் பார்த்து வாங்குகிற நீங்களும் அதையேதான் போடுவீர்கள். திரெட் நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் இடிக்கும். வெப்ப எண் மாறினால் ஒன்று கரி பிடிக்கும், இல்லையென்றால் முனை வெந்துபோகும்.

சோதனையை எப்போதும் காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் தொடங்குங்கள். குளிரில் மட்டும் வருகிற சத்தமும் சூட்டில் மட்டும் வருகிற சத்தமும் வேறு வேறு நோய்கள். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகிவிடும், பாதித் துப்பு அங்கேயே போய்விடும்.

2. வெடி எங்கே, எப்போது என்று எழுதி வையுங்கள்

"பேக்ஃபயர் ஆகுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான்கு விதமான வெடி உண்டு.

ஆக்சிலேட்டரை விடும்போது, மேம்பாலம் இறங்கும்போது சைலன்சரில் பட் பட் என்று சின்னச் சின்ன வெடி. கார்புரேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் கலவை மெலிந்து, சிலிண்டரில் சரியாக எரியாமல் சைலன்சருக்குப் போகிறது. அங்கே மூட்டு வழியாக வெளிக்காற்று நுழைந்தால் சூட்டில் பற்றிக்கொள்கிறது. முதல் சந்தேகம் சைலன்சர் கேஸ்கட் (மூட்டை அடைக்கும் வளையம்), அடுத்தது கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளை).

ஆக்சிலேட்டரைத் திடீரென முறுக்கும்போது கார்புரேட்டர் பக்கம் "புஸ்க்" என்று தும்முவது. கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது இன்டேக் வால்வு முழுக்க மூடவில்லை, அல்லது தீப்பொறி நேரம் தவறியிருக்கிறது.

கிக் அடிக்கும்போது ஒரே ஒரு பெரிய வெடி. நாலு கிக்கில் பற்றாத பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, ஐந்தாவது கிக்கில் ஒன்றாக வெடிக்கிறது. தீப்பொறியில் பலம் இல்லை, அல்லது இழுத்த சோக்கைத் திரும்ப விட மறந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, லோடு ஏற்றி ஓட்டும்போது இழுவை விட்டுவிட்டு வந்து, நடுநடுவே டமால். இது கிட்டத்தட்ட எப்போதும் மின்சாரக் கோளாறுதான். பிளக் கேப், ஹெச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பாயின்ட் (பழைய வண்டியில் திறந்து மூடித் தீப்பொறியைக் கிளப்பும் தொடுமுனை), அதோடு இணைந்த கண்டென்சர், சிடிஐ (பாயின்டின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் பெட்டி) இவற்றில் ஒன்று.

இதில் உங்களுடையது எது, குளிரிலா சூட்டிலா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டிய பிறகு என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு மெக்கானிக்கிடம் உங்களுக்கு மரியாதை வாங்கித் தரும்.

ஒரு எளிய சோதனையும் உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெடி அடங்கினால் கலவையில் பெட்ரோல் குறைவு, மெக்கானிக் மொழியில் லீன். வெடி கூடி வண்டி திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், ரிச். சோக்கால் எந்த மாற்றமும் இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு நேராக 5-ஆம் படிக்குப் போங்கள்.

3. பெட்ரோல்

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்குரூவைத் திறந்து பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து நிற்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம். டேங்கை முழுசாக வடித்துவிடுவது ஒன்றே வழி. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. பழைய ரப்பர் ஹோஸ், ஃப்ளோட் வாஷர் இவையும் எத்தனாலில் ஊறி உப்பும், விரிசல் விடும். ஹோஸை மடித்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் மாற்றுங்கள். மீட்டர் ஐம்பது, நூறு ரூபாய் சமாச்சாரம்.

பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இருமி வெடித்து நிற்கிற வண்டிக்கு இன்னொரு காரணம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைப்பு. நின்ற உடனே மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் அதுதான். ஊதிச் சுத்தம் செய்தால் போதும், செலவு சுழியம்.

ஜெட் மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் மெலிது, அதனால் கலவை ரிச் பக்கம் சாயும். இ20 அதே கலவையை லீன் பக்கம் இழுக்கும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆகவே "இ20-க்குப் பெரிய ஜெட் போடணும்" என்று எடுத்த எடுப்பில் சொல்பவரை நம்பாதீர்கள். கம்பெனி ஜெட்டைச் சுத்தம் செய்து போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சே. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். ஸ்ப்ரேயும் ஊதுகாற்றும் போதும்.

4. காற்றுக் கசிவு

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட்டை விரலால் அழுத்தி மடக்குங்கள். மேலே வழவழப்பாக இருக்கும், மடிக்கும்போதுதான் அடிப்பக்கக் கீறல் வாயைத் திறக்கும். இன்ஜினை ஸ்லோவில் விட்டு, பூட்டைச் சுற்றி லேசாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் அதை உள்ளே இழுக்கும், ஸ்லோ ஒரு நொடி மாறும். பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது வேண்டாத வேலை.

சைலன்சர் மூட்டில் கருப்புப் புகைக்கறை படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, உடனே மூட்டருகே கையைக் கொண்டுபோனால் காற்று விட்டுவிட்டு அடிப்பது தெரியும். அரை நிமிடத்துக்குள் கையை எடுத்துவிடுங்கள். இந்தக் கசிவு டிக் டிக் என்று அச்சு அசல் டாப்பெட் மாதிரியே சத்தம் போடும். டாப்பெட்டை மூன்று முறை செட் செய்தும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிற பலரின் வண்டியில் கோளாறு இந்த ஐம்பது ரூபாய் கேஸ்கட்தான். சைலன்சரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது.

2000-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் சிலிண்டர் ஹெட் பக்கம் ஒரு சிறு குழாய் வழியாகச் சைலன்சருக்குச் சுத்தக் காற்றை அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதன் வேக்குவம் ஹோஸ் கிழிந்தால், ஆக்சிலேட்டரை விடும்போது பட்டாசுதான். ஹோஸை மாற்றுங்கள். குழாயை அடைத்துவிட்டால் சத்தம் போகும், எமிஷன் டெஸ்டில் மாட்டுவீர்கள்.

எல்லாம் சரியென்றால் ஸ்லோ செட்டிங். சூடான இன்ஜினில் பைலட் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்கார்ந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் முனை உடையும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஸ்லோ எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். பலர் தவறுவது திசையில். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் ரிச். பெட்ரோல் ஸ்குரூவை இரண்டரை, மூன்று சுற்றுக்கு மேலும் எடுக்க வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

5. தீப்பொறி

பிளக்கைக் கழற்றுங்கள். வெளிர் காப்பி நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் ரிச். வெள்ளையாகச் சுட்டுப்போயிருந்தால் லீன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. ஸ்லோவில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லா பிளக்கும் கருப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது கியரில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, ஓடும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டிப் பாருங்கள். இரவு பத்துக்கு மேல் காலியான ரோட்டில் செய்ய வேண்டிய வேலை இது, அவுட்டர் ரிங் ரோட்டின் மாலை நெரிசலில் அல்ல.

பிளக்கைக் கேப்பில் செருகி, உலோகப் பகுதி ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாக, சடசடவென்று சத்தத்துடன் பொறி வர வேண்டும். மஞ்சளாக, சத்தமில்லாமல் வந்தால் பலம் இல்லை. சிடிஐ வண்டியில் பிளக்கை எர்த் செய்யாமல் கிக் அடிக்காதீர்கள், சிடிஐ போய்விடும்.

பிளக் கேப்பை மல்டிமீட்டரில் பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் உள்ள கேப் பொதுவாக 5,000 ஓம் பக்கம் காட்டும். இருபது, முப்பதாயிரம் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ மாற்றுங்கள். விளக்கை அணைத்த இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஹெச்.டி. வயரைப் பார்த்தால், கசிவு இருக்குமிடத்தில் சின்ன நீல மின்னல் ஓடும். மழை நாளில் மட்டும் வெடிக்கிற வண்டிக்கு இதுதான் முதல் சோதனை.

பாயின்ட் உள்ள பழைய புல்லட், யெஸ்டி போன்றவற்றில் வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. புல்லட்டில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஓடும்போது பாயின்ட் முகத்தில் பெரிய நீலப் பொறி பறந்தால் கண்டென்சர் செத்துவிட்டது. வெடியும் சூட்டில் நிற்பதும் இதனால்தான் வரும். வேகத்துக்கேற்பத் தீப்பொறி நேரத்தை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருவேறி ஒட்டிக்கொண்டால் நேரம் முன்னும் போகாது, பின்னும் வராது. கையால் முறுக்கி விட்டால் ஸ்பிரிங் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், அதிகம் வேண்டாம், பாயின்டில் ஒழுகும்.

எல்லாமே புதிதாக மாற்றியும் வெடிக்கிறதா? மேக்னட்டை (ஷாஃப்ட் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கழற்றி, அதை ஷாஃப்ட்டில் பிடித்து வைத்திருக்கும் அரைவட்டச் சாவியைப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்டு நகர்ந்திருந்தால் மொத்த டைமிங்கும் சில டிகிரி தள்ளிப்போயிருக்கும். இருபது ரூபாய் சாவிக்காக மூன்று காயில் மாற்றியவர்கள் உண்டு. மேக்னட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்க விடாதீர்கள், அதற்கென்று புல்லர் இருக்கிறது.

6. டாப்பெட்

டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இதைத் தாண்டலாம், உங்களுக்கு டாப்பெட்டே கிடையாது.

ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், சிடி 100 வகை இன்ஜினில் வேலை இப்படி. இன்ஜின் இரவெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் சுற்றுவது லேசு. ஹெட்டில் உள்ள இரண்டு டாப்பெட் மூடிகளையும் 17 ஸ்பானரால் திறங்கள். இடதுபுற மேக்னட் கவரில் இரண்டு மூடிகள் இருக்கும். நடுவில் உள்ளதன் வழியாகச் சாக்கெட் விட்டு, இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். மேல் துளை வழியாகப் பார்த்தால் "டி" என்ற ஆங்கில எழுத்துக் குறி கோட்டுக்கு நேரே வரும். பக்கத்திலேயே "எஃப்" குறியும் உண்டு, அது தீப்பொறி நேரத்துக்கு. அதில் நிறுத்திவிடாதீர்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள்.

அளவு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் பொதுவாக 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் வரும். ஃபீலர் தகடு வெண்ணெயில் கத்தி போவது போல் வழுக்கினால் லூஸ், நுழையவே அடம்பிடித்தால் டைட். லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். 9 ஸ்பானரால் லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும். இறுக்கியபின் கண்டிப்பாக இன்னொரு முறை தகடு விட்டுப் பாருங்கள். தெருமுனையில் இரண்டே நிமிடத்தில், சூடான இன்ஜினில், தகடே இல்லாமல் "கை அளவில்" செட் செய்வதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

காரணம் இருக்கிறது. லூசான டாப்பெட் சத்தம் போடும், அவ்வளவுதான். டைட்டான டாப்பெட் சத்தமே போடாது. வால்வு முழுக்க மூடாமல், சூட்டில் கம்ப்ரெஷன் கசிந்து, கார்புரேட்டரில் தும்மி, சைலன்சரில் வெடித்து, கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். டாப்பெட் செட் செய்த மறுநாளிலிருந்து இன்ஜின் அமைதியாகி வெடி தொடங்கியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

வார்ப்பிரும்பு புல்லட்டில் தகடு தேவையில்லை. குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதோடு கிக் லேசாக வால்வைத் தூக்கிவிடும் டீகம்ப்ரெஷன் லீவரின் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் வால்வு கசிந்து சைலன்சரில் வெடிக்கும்.

7. சத்தத்தின் இடத்தைப் பிடிப்பது

ஆயில் அளவைப் பாருங்கள் முதலில். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹோண்டா வகை வண்டியில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து எடுத்துப் பாருங்கள். பாதி ஆயில் இருந்தால் எல்லாப் பாகமும் சத்தம் போடும், மேற்கொண்டு கேட்பதில் அர்த்தமில்லை. பழைய ஆயிலை வடிக்கும்போது துணியில் வடிகட்டுங்கள். சாம்பல் நிற மைப்பூச்சு சகஜம். கண்ணுக்குத் தெரியும் பளபளச் செதில்கள் வந்தால் பேரிங் போகிறது, அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள்.

அடுத்து, எல்லா நட்டு போல்ட்டிலும் கை வைத்துப் பாருங்கள். இன்ஜின் மவுன்டிங், சைலன்சர் கிளாம்ப், செயின் கவர், ஹெட்டின் ஃபின்களுக்கு நடுவே இருந்து விழுந்துபோன ரப்பர் கட்டைகள். ஓடும்போது சந்தேகமான தகட்டைக் கையால் அழுத்துங்கள், சத்தம் நின்றால் கேஸ் முடிந்தது.

பிறகு திருப்புளி. முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்தால் டாக்டர் குழாய் மாதிரி உள்ளே நடப்பது கேட்கும். தளர்ந்த சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் செயின் பக்கம் தொங்கக் கூடாது. ஹெட்டின் மேல், பிளாக்கின் நடுவில், இடது கவர், வலது கவர், கிராங்க்கேஸின் அடி என்று ஐந்து இடத்தில் வையுங்கள். எங்கே அதிகம் கேட்கிறதோ அங்கே தேடுங்கள்.

ஹெட்டில் சீரான டிக் டிக், இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் வந்தால் டாப்பெட் அல்லது ராக்கர். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால் பழகிய காது இதைப் பிரித்துவிடும். பக்கவாட்டில் சரசரவென்று சங்கிலி உரசல், ஸ்லோவிலும் ஆக்சிலேட்டரை விடும் கணத்திலும் கூடினால் டைமிங் செயின், டென்ஷனர் அல்லது அதன் ரப்பர் ரோலர். செயின் ஒரு பல் தாண்டினால் சத்தத்தோடு வெடியும் சேர்ந்துகொள்ளும்.

காலையில் முதல் இரண்டு நிமிடம் பிளாக்கில் மந்தமாகத் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானம். புகையும் ஆயில் குடிப்பதும் இல்லையென்றால் அவசரமில்லை, வருடக்கணக்கில் ஓடும். எட்டாயிரம் கேட்பவர்கள் காட்டிப் பயமுறுத்துவது பெரும்பாலும் இந்தச் சத்தத்தைத்தான்.

நியூட்ரலில் உர்ரென்று கேட்கும் சத்தம் கிளட்ச் லீவரைப் பிடித்ததும் நின்றால் கிளட்ச் டிரம் அல்லது கியர் பாக்ஸ் பேரிங். பிடிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். இதற்கு ஹெட்டைத் திறக்கவே கூடாது.

நந்தி மலை ஏறும்போது, உயர் கியரில் முக்கினால் மணி உதறுவது போல் கிணுகிணு என்று வந்தால் நாக்கிங். டைமிங் முன்கூட்டியே அடிக்கிறது, அல்லது பிஸ்டன் தலையில் கரி ஏறியிருக்கிறது. கியரைக் குறைத்து ஓட்டுங்கள், அப்படியே முக்கி ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

கிராங்க்கேஸின் அடியிலிருந்து, லோடில் டொக் டொக் என்று ஆழமாக, சூட்டில் கூடிக்கொண்டே வருவதுதான் கனெக்டிங் ராடின் பெரிய முனை. இதற்கு நிஜமாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டும், உடனே பிரிக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டும் ரேஸ் இறங்காமல் இன்ஜின் அலறி, இடையில் வெடித்தால் மேக்னட் பக்கக் கிராங்க் சீல் காற்று இழுக்கிறது. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெண்புகை தள்ளும். முதலாவதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

8. எமிஷன் சீட்டைப் படியுங்கள்

அதிகம் பேர் கவனிக்காத மலிவான சோதனை இது. எமிஷன் சென்டரில் தருகிற சீட்டில் கார்பன் மோனாக்சைடு சதவீதமும் ஹைட்ரோகார்பன் பிபிஎம் அளவும் அச்சாகியிருக்கும். பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில், 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரானவற்றுக்கு வரம்பு 3.5 சதவீதமும் 4,500 பிபிஎம்மும். அதற்கு முந்தையவற்றுக்கு 4.5 சதவீதமும் 9,000 பிபிஎம்மும். மோனாக்சைடு அதிகமென்றால் கலவை ரிச். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: தீப்பொறியில் கோளாறு, அல்லது பற்றவே முடியாத அளவு லீன். கார்புரேட்டர் செட்டிங்குக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சீட்டு எடுத்து ஒப்பிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. சென்டர்காரர் புரோபைச் சைலன்சருக்குள் முழுசாக விடாமல் வாயிலிலேயே வைத்தால் அளவு குறைத்துக் காட்டும், சொல்லி விடச் செய்யுங்கள்.

9. மெக்கானிக்கிடம் விடும்போது

இத்தனைக்குப் பிறகும் வெளிவேலை தேவையென்றால், திங்கள் முதல் வியாழனுக்குள் காலையில் கொண்டுபோய் இரவு முழுக்க விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் அவசரம்.

பழைய பெங்களூரு கேரேஜ்களில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஓடும், ஆனாலும் நான்கு கன்னட வார்த்தை கைகொடுக்கும். "மொதலு டாப்பெட் நோடி" என்றால் முதலில் டாப்பெட்டைப் பாருங்கள். "இஞ்ஜின் பிச்சபேடி" என்றால் பிரிக்காதீர்கள். "ஹளே பார்ட் வாபஸ் கொடி" என்றால் பழைய பாகத்தைத் திருப்பித் தாருங்கள். "எஷ்டாகுத்தெ", அதாவது எவ்வளவு ஆகும் என்று வேலைக்கு முன்பே கேளுங்கள், பின்பு கேட்டால் பதில் வேறாக வரும்.

சுமாரான கணக்கு: டாப்பெட் செட்டிங் 100 முதல் 200 ரூபாய். கார்புரேட்டர் சர்வீஸ் 200 முதல் 400. 100 சிசி வண்டிக்கு டைமிங் செயின் கிட் கூலியோடு 1,000 முதல் 1,800. போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன் செட், கூலி சேர்த்து 2,500 முதல் 4,500. கிராங்க் ராடு கிட், லேத் பிரஸ்ஸிங் சேர்ந்தால் 4,000-க்கு மேல். புல்லட்டுக்கு இதெல்லாம் கூடும். போரிங் செய்யும்போது 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் படியாக ஏறும். உங்கள் பிளாக் ஏற்கெனவே எந்தப் படியில் இருக்கிறது என்று பிஸ்டன் தலையில் எழுதியிருக்கும். 1.00-ஐத் தொட்டுவிட்டால் அடுத்தது ஸ்லீவ்தான் (பிளாக்குக்குள் புதுக் குழாய் இறக்குவது), பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) பிளாக், ஹெட், கார்புரேட்டர் வாங்குவதில் தப்பில்லை. கிராங்க்கேஸை மட்டும் தொடாதீர்கள். இன்ஜின் நம்பர் அதில்தான் குத்தியிருக்கும். நம்பர் மாறினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத, பில் இல்லாத கிராங்க்கேஸ் உங்கள் மேல் திருட்டுக் கேஸாகத் திரும்பலாம். வண்டியை விடும் முன் ஆர்சி நகல், இன்ஜின் நம்பர், ஓடோமீட்டர் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. ஆர்சி புதுப்பிக்க வேண்டியிருந்தால்

பதிவாகிப் பதினைந்து ஆண்டு முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுக்கு. படிவம் 25, பழைய ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், எமிஷன் சீட்டு வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், 20 ஆண்டைத் தாண்டியதென்றால் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000. பசுமை வரி தனி. வண்டியை நேரில் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்னால் சைலன்சர் வெடித்தாலோ, சத்தத் தடுப்பை எடுத்துவிட்ட சைலன்சர் போட்டிருந்தாலோ திருப்பி அனுப்புவார். ஆகவே வரிசையைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: வெடியைச் சரிசெய்ய இரண்டு வாரம், ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க, அதன் பிறகு எமிஷன், கடைசியில் ஆர்டிஓ. போரிங் செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டி, ஆயிலை மாற்றி, ஸ்லோவை மறுபடி செட் செய்த பிறகே எமிஷனுக்குப் போங்கள். புது ரிங் உட்காரும் வரை கொஞ்சம் ஆயில் எரியும், சீட்டில் ஹைட்ரோகார்பன் ஏறியே நிற்கும்.